இழுக்காமல் விட்ட எர்த் கம்பி

என் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பது சரி. வயது ஐம்பத்தேழு. பள்ளிச் சீருடை தைப்பது என் தொழில். தெருவில் மிஷின் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்ற வீட்டின் கீழ்த்தளத்தில் நான் தனியாக இருக்கிறேன், மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் இதே நிலையத்தில், இதே மேசையில் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டேன். அதில் முக்கியமானதெல்லாம் பொய். அதைச் சொல்லத்தான் இன்று யாரும் அழைக்காமல் நானாக வந்திருக்கிறேன்.

மாடியில் முன்பு குளியலறை கிடையாது. குடியிருப்பவர்கள் பின்பக்கப் படி இறங்கிவந்து கீழே குளிக்க வேண்டும். அதனால் யாரும் ஓராண்டுக்கு மேல் தங்குவதில்லை. சென்ற ஆண்டு மாடியைப் புதுப்பித்து அங்கேயே குளியலறை கட்டுவது என்று முடிவு செய்தேன். வேலையை என் தம்பியிடம் ஒப்படைத்தேன். அவன் என்னைவிடப் பதினொரு வயது இளையவன். வயரிங், பிளம்பிங் இரண்டும் ஆள் வைத்துச் செய்கிறான். கொத்தனார் சுவர் எழுப்பி முடித்தார், அதன்பிறகு டைல்ஸ் ஒட்டப்பட்டது, அதன்பிறகுதான் தண்ணீர் சூடாக்கும் கீசரை மாட்டத் தம்பி வந்தான். மேற்படி கீசரை வாங்கியவள் நான். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி அதற்குக் கீழே மெயின் போர்டிலிருந்து வர வேண்டும் என்றும், பழைய வீடு என்பதால் மாடிக்கு அந்தக் கம்பி போகவே இல்லை என்றும், டைல்ஸ் ஒட்டுமுன்பே இழுத்திருக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான்.

"இப்ப ரெண்டு வரிசை டைல்ஸை உடைக்கணும்க்கா. உடைச்சா அதே கலர் திரும்பக் கிடைக்குமான்னு தெரியல."

அந்த டைல்ஸ் கடல் நிறத்தில் மீன்செதில் போலக் கோடு போட்டது. மூன்று கடை ஏறி இறங்கி நானே தேர்ந்தெடுத்தது. ஒன்றாம் தேதி குடிவருவதாக ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உடைக்காதே என்றேன். அப்புறம் வெளிச்சுவர் வழியாக இழுத்துக்கொள்ளலாம் என்றான். சரி என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

இங்கே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு எது படுகிறதோ அதை முதலில் செய்யுங்கள் என்பேன். பெயின்ட், தரை, குளியலறை. சுவருக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு வீட்டைப் புதுப்பித்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இரண்டு பேரின் வீடுகளுக்கு வயரிங் செய்தவன் என் தம்பி. அந்த வீடுகளின் கதவிலக்கங்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம், அங்கே முதலில் ஆள் அனுப்புங்கள்.

ஒன்றாம் தேதி குடிவந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தவர். மனைவி மருந்துக் கம்பெனியில் அட்டை ஒட்டுகிறவர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. சத்தம் போடாத குடும்பம். என் கண்ணாடியின் காம்பு தளர்ந்திருப்பதைக் கவனித்து, நான் கேட்காமலே ஒருநாள் திருகி இறுக்கிக் கொடுத்தார். குழந்தையின் சீருடை நான் தைத்ததுதான்.

அவர்கள் குடிவந்த ஐந்தாம் மாதம் மழை தொடங்கியது. ஒரு காலையில் மேற்படி மனைவி கீழே வந்தார்.

"அக்கா, குளியலறைக் குழாயைத் தொட்டா கை சுர்ருங்குதுக்கா."

"ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டுக் குளிங்க" என்றேன்.

நான் சொன்னது இதுதான், சொல் மாறாமல். அதன்பிறகு ஒரு வாரம் கழித்து அவர் கணவரே வந்தார். பக்கத்துக் கடையில் டெஸ்டர் இரவல் வாங்கிக் குழாயில் வைத்துப் பார்த்தாராம், உள்ளே விளக்கு மங்கலாக எரிந்ததாம். தம்பியை ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லுங்களேன் என்று வாசற்படிக்கு வெளியே நின்றே கேட்டார். நான் தம்பிக்குப் போன் செய்தேன். வாடகைக்கு இருப்பவர்கள் ஆயிரம் சொல்வார்கள், மழை விடட்டும் என்றான். ஆபத்தை அறிந்தே அவனை மறுபடி கூப்பிடாமல் விட்டேன். கீசர் போடாதீர்கள் என்று மாடிக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சொன்னால் குறை இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்தேன். இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று.

சம்பவத்தன்று காலை ஏழு மணிக்குச் சற்றுமுன் நான் சீருடைச் சட்டையின் பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அதன்பிறகு கதவைத் தட்டும் சத்தம், அதன்பிறகு அந்தப் பெண் கணவரைக் கூப்பிடும் சத்தம். நான் எழுந்து மாடிக்கு ஓடவில்லை. நேராக மெயின் சுவிட்சுக்குப் போய் அதை அணைத்துவிட்டுத்தான் படியேறினேன். முந்தைய வாக்குமூலத்தில் இதைச் சொன்னபோது, சமயோசிதமாக நடந்துகொண்டதாக அப்போதிருந்த அதிகாரி என்னைப் பாராட்டினார். அது சமயோசிதம் இல்லை. உள்ளே என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு வாளிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தாழ்ப்பாளை உடைத்தார். தரையில் கிடந்தவரின் கை குழாயின் பக்கமே நீட்டியபடி இருந்தது. காலில் செருப்பு இருந்தது. குழந்தை ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு அறைவாசலில் நின்றது. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆம்புலன்சில் அவரோடு மனைவியும் போனார். குழந்தையை எதிர்வீட்டில் விட்டேன். வழியிலேயே அவர் இறந்துவிட்டதாக அங்கே போன் வந்தது. அரை மணிக்குள் தம்பி வந்தான். அதன்பிறகு நடந்ததுதான் முந்தைய வாக்குமூலத்தில் இல்லாதது. அவன் கீசரின் பின்மூடியைக் கழற்றினான், பிளக்கைப் பிரித்துப் போட்டான். எர்த்துக்குப் போடும் பச்சைக் கம்பியில் ஒரு முழம் எடுத்து, கீசருக்குப் பின்னால் சுவரில் இருந்த ஓட்டைக்குள் சொருகி, வெளியே தெரிந்த நுனியை யாரோ வெட்டிவிட்டது போல் நறுக்கினான். எர்த் கம்பி முன்பே இருந்தது, குடியிருந்தவர் தானே ரிப்பேர் பார்க்கிறேன் என்று வெட்டிவிட்டார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

"அவர்தான் பிரிச்சார்னு சொல்லுக்கா. செத்தவரை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவன் சொருகி முடிக்கும்வரை நான் யாரும் வருகிறார்களா என்று படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை மிரட்டவில்லை, கெஞ்சத்தான் செய்தான். மதியம் மின் ஆய்வாளர் வந்து பச்சை நுனியைப் பார்த்தார், இழுத்துப் பார்க்கவில்லை. ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன், அதற்குள் அவரே கைவைத்துவிட்டார் என்று நான் சொன்னேன். இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பெண் வீட்டைக் காலி செய்தார். சாமான்களை ஏற்றிவிட்டு, மாடி முழுவதையும் கழுவித் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வந்தார். அவர் மாமனார், என் மகன் தன் முட்டாள்தனத்தால் செத்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண் அழவில்லை. அதன்பிறகு சொன்னார்:

"அவருக்குக் கரண்டுன்னாலே பயம்க்கா. பல்பு மாத்தக்கூட ஆளைத் தேடுவாரு. அந்த டெஸ்டரையே பயந்து பயந்துதான் வெச்சாரு. நான்தான் சுர்ருங்குது சுர்ருங்குதுன்னு நச்சரிச்சேன். அதனாலதான் அவரே பிரிச்சுப் பாத்திருப்பாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அழாதேம்மா என்றேன். அழாதவரைப் பார்த்து அழாதே என்றேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு தம்பி புதிய கீசர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். எர்த் இழுத்தாயா என்று கேட்டேன். இப்போது சுவரை உடைத்தால் முன்பு கம்பி இல்லை என்று நாமே ஊருக்குச் சொன்னதாகும், கீசர் புதியது, ஒன்றும் ஆகாது என்றான். நேற்று மாலை நான்கு மணிக்கு ஒரு கணவன் மனைவி வீடு பார்க்க வந்தார்கள். மனைவியின் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. தம்பி அவர்களுக்கு அறை அறையாகக் காட்டினான். குளியலறைக்குள் போனதும் அந்தப் பெண், டைல்ஸ் ரொம்ப அழகா இருக்கே என்றார். சுடுதண்ணீர் எப்படி வருகிறது பாருங்கள் என்று தம்பி சுவிட்சைப் போட்டான். அந்தப் பெண் குழாயைத் திறக்கக் கையை நீட்டினார்.

"தொடாதே!" என்று கத்தினேன்.

குழந்தை வீரிட்டு அழுதது. கணவன் என்ன ஏது என்று கேட்டார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றான் தம்பி. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இந்தக் குளியலறையில் ஒருவர் செத்துப்போனார், அவரைக் கொன்றது நாங்கள் இருவரும் என்று அவர்களிடம் சொன்னேன். அவர்கள் படியிறங்கி ஓடினார்கள். தம்பி என் முகத்தைப் பார்க்காமல், என்னை வளர்த்ததற்கு நல்லது செய்தாய் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனை வளர்த்தது நான்தான். பொய் சொன்னால் அவன் வாயில் அடித்து வளர்த்தேன்.

முதல் கீசரின் உத்தரவாதச் சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். மாட்டிய தேதியும் தம்பியின் கையெழுத்தும் அதில் உள்ளன. கீசருக்குப் பின்னால் இருக்கும் சுவரை உடைத்துப் பாருங்கள். அந்தப் பச்சைக் கம்பி ஒரு முழத்துக்கு மேல் போகாது. உடைக்க எனக்குச் சம்மதம். இந்த வாக்குமூலத்தை இறந்தவரின் மனைவிக்கும் தகப்பனாருக்கும் ஒரே இடத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் என் முகத்தில் உமிழ்ந்தால் அதற்காக அவர்மீது நான் புகார் கொடுக்க மாட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இந்த ஐந்து பக்கங்களும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எழுதியவர் நல்ல எண்ணத்தில் இரண்டாம் பக்கத்தில் "ஆபத்தை அறியாமல்" என்று சேர்த்திருந்தார். அது நான் சொன்னதில்லை. "அறியாமல்" என்பதை அடித்துவிட்டு "அறிந்தே" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சிறிதாகவும், இங்கே முழுதாகவும் கையெழுத்திடுகிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)
வீட்டு உரிமையாளர்