அக்கா கேட்ட பை

அவையை அழகுபடுத்தி அமர்ந்திருக்கும் தலைவர் அம்மா அவர்களே! எங்கள் தோல்விகளைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களே! அடுப்படி வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து என்னை மட்டும் முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்காவே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்த ஆலையின் திறப்பு விழாவில் அறிவியல் பேசச் சொன்னார்கள். நான் அக்காவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்தத் தொட்டிகளில் துளித்துளியாய்த் திரள்வது வெறும் அமிலமா? இல்லை ஐயா, அக்கா என்னைத் திட்டிய திட்டு!

அக்கா நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். கறுப்பு பாலித்தீன் பையில் கன்று வளர்த்து விற்பார். வாங்குகிறவர்கள் பையைக் கிழிக்காமலே நட்டுவிடுவார்கள். வேர் வெளியேற வழியின்றிச் சுற்றும், சுருளும், சோரும், சாகும். செத்த கன்றைக் கொண்டுவந்து அக்காவின் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அக்கா அழுதுவிட்டார். "இந்தத் தொழிலே வேணாம்டா. பையோட நட்டாலும் பிழைக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன். குடையையும் கண்ணாடியையும் தொலைக்க மட்டும்தான் உனக்குத் தெரியுமா?"

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவின் மரபணுவில் சிறு மாற்றம் செய்தோம். அது சர்க்கரையைத் தின்று ஓர் அமிலத்தைத் தரும். அந்த அமிலத்தை மணிமணியாய்க் கோத்தால் நெகிழி. மண்ணில் புதைத்தால் மற்ற நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். அங்கே ஓர் அம்மா, "நோய் வராதா?" என்கிறார். வராது தாயே. கொதிக்க வைத்துக் கொன்ற பிறகுதான் தொட்டியைத் திறக்கிறோம்.

ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? பாசத்தால் பிழை செய்தோம்! நமக்காக உழைக்கிற உயிராயிற்றே என்று ஆளாளுக்குச் சர்க்கரையை அள்ளி அள்ளிக் கொட்டினோம். தின்றது, திணறியது, கேட்ட அமிலத்தை விட்டுவிட்டு வினிகரைக் கக்கியது. அக்கா என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீ ஆராய்ச்சி பண்றியா, சமையல் பண்றியா?" என்றார்.

நம் தலைவர் அம்மா தொட்டியருகே வந்து நின்றார். "செல்லம் குடுத்தே கெடுத்து வச்சிருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க" என்றார். சொட்டுச் சொட்டாய்ச் சர்க்கரை விட்டோம். சொன்னபடி சுரந்தது அமிலம்!

பை வந்தது. அக்கா என்ன செய்தார் தெரியுமா? சோதனைக்கு ஒன்றிரண்டு என்று நான் கெஞ்ச, பண்ணையின் அத்தனை கன்றுகளையும் அதில் வைத்துவிட்டார். மக்காவிட்டால் என் மானம் போகும். முன்னமே மக்கிவிட்டால் அக்காவின் பிழைப்பே போகும்.

பை விற்பனை வரை தாங்கியது. அக்கா ஒரு கன்றைப் பையோடு வேலியோரம் நட்டார். மழைக்காலம் முடிந்ததும் எங்களை வரவழைத்து, தன் கையாலேயே தோண்டினார். வெள்ளை வேர்கள் நாலாபுறமும் நீண்டு கிடந்தன. அக்கா மண்ணைத் துழாவினார்.

"பை எங்கடா?"

"காணோம்க்கா."

அக்கா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "பொறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான்டா உருப்படியா ஒண்ணத் தொலைச்சிருக்கே" என்றார்.

எனக்கு அந்தப் பட்டம் போதும். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. போகும்போது வாசலில் ஆளுக்கொரு கன்று வாங்கிச் செல்லுங்கள், பையைக் கிழிக்காமலே நடுங்கள். வணக்கம்!