வாசலில் சிக்கிய ஆறு யானைகள்

"நேத்து என் யானை ஆறும் கோட்டை வாசல்லயே மாட்டிக்கிச்சுடா. போர் தோத்துட்டேன்."

மைசூர் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பொறியியல் மாணவர்கள். பேச்சு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றியது என்று புரிய எனக்கு ஒரு நிறுத்தம் ஆனது. யானை மாட்டிய கதை சொன்ன அந்த 'யானைக்காரன்' மடியில் ப்ராஜெக்ட் படிவம். கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

"அப்போ கேம் மோசமா?"

"சூப்பர் கேம்டா. கற்காலத்துல ஆரம்பிச்சு ஒரு ராஜ்யமே கட்டலாம். ஆனா குறுகலான வழி வந்தா அதுல வர்ற வீரன், யானை யாரும் ஒருத்தருக்கொருத்தர் வழி விட மாட்டாங்க. அதைச் சரி பண்றதுதான் என் ப்ராஜெக்ட்."

"கேம்னு எழுதினா சார் கிழிச்சுப் போட்டுடுவார்."

"வேற என்ன எழுத?"

"தசராவுக்கு அரண்மனை கேட்ல யானை எப்படிப் போகுது? முன்னாடி யானை தாண்டுற வரைக்கும் பின்னாடி யானை நிக்குதில்ல? குறுகிய வாசலில் கூட்டம் நகரும் முறைன்னு எழுது."

அவன் படிவத்தில் 'விளையாட்டு' என்பதை அடித்துவிட்டு அதையே எழுதினான்.

கல்லூரி நிறுத்தம் வந்தது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்து, பைகளோடு படியில் சிக்கிக்கொண்டார்கள். கண்டக்டர் "பேக, பேக!" என்று அவசரப்படுத்தினார்.

யானைக்காரன் ஓர் அடி பின்வாங்கினான்.

"நீ முதல்ல இறங்குடா. பாரு, வேலை செய்யுது!"