கார்டு போடாத கம்ப்யூட்டர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த நரைத்த மீசைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

“நேத்து எம் மக என்னைய சுட்டுக் கொன்னுட்டா.”

“என்னண்ணே சொல்லுதீய?”

“கம்ப்யூட்டர் கேம்ல, தம்பி. பெங்களூருக்கு வேலைக்குப் போனதுல இருந்து, ‘சாப்ட்டியாப்பா’ன்னு கேட்டுட்டு போனை வச்சிருவா. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுதோம். விளையாண்டுக்கிட்டே ஊர்க்கதை எல்லாம் பேசுதா. கம்ப்யூட்டருக்கு என்னென்ன பார்ட்ஸ் வாங்கணும்னு அவதான் சொன்னா. நானே மாட்டுனேன்.”

“செலவு எக்கச்சக்கமா ஆயிருக்குமே?”

“இல்லப்பா. கிராபிக்ஸ் கார்டுதான் வெல ஜாஸ்தி. அது இப்ப வேண்டாம், பிராசசர்லயே படம் காட்டுத வசதி இருக்கு, அது போதும்னுட்டா. பொறவு கார்டு மாட்டிக்கிட உள்ள இடம் இருக்கு.”

“கார்டு போட்டா என்னண்ணே ஆகும்?”

“படம் திக்காம ஓடும். இப்ப நான் திரும்புறதுக்குள்ள சுட்டுருதா.”

“அப்ப சீக்கிரம் போட்ருங்க.”

“அவளும் அதத்தான் சொல்லுதா. நாந்தான் மெதுவாப் போட்டுக்கிடலாம்னு இருக்கேன். என்னைய சுட்டுட்டு அவ ஒரு சிரிப்புச் சிரிக்கா பாரு, அத இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கிடுதேன்.”