இரு வீட்டாருக்கும் நடுவில் நின்ற அம்மாள்

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள டீக்கடையில் விசாரித்துவிட்டு இன்று பிற்பகல் நிலையத்துக்குத் திரும்பிய காவலர், அந்த அம்மாள் தன் கைபேசியைத் தானே அணைத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு எங்கள் வேனில் ஏறினார் என்று கடைக்காரர் சொன்னதாக ஆய்வாளரிடம் தெரிவித்தார். "என் பையன் வருவான், அவன்கிட்ட குடுத்துருங்க" என்று மட்டும் சொன்னாராம். கடைக்காரர் கைபேசியை இழுப்பறையில் போட்டுவிட்டு நேற்றே சரக்கு எடுக்க வெளியூர் போய், இன்றுதான் திரும்பியிருக்கிறார். கடையைப் பார்த்துக்கொண்ட அவருடைய தம்பிக்கு விவரம் தெரியாது. இந்தத் தகவல் என் முன்னிலையில் சொல்லப்பட்டது. அதுவரை எனக்கும் இது தெரியாது.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தாறு. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எனக்கு ஒரே மகள். அவளுக்கு இந்த வருடம்தான் திருமணமானது. என் மீது இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை. அந்த அம்மாளை அவருடைய மகனுக்குத் தெரியாமல் கடத்திக்கொண்டு போனதாக என் மீதும் வேன் ஓட்டுநர் மீதும் புகார் கொடுக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். வேன் என் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது. அதனால் முதல் பொறுப்பு என்னுடையது என்று சொன்னார். நடந்தது இதுதான்.

என் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் போகலாமா கூடாதா என்பதில் இரண்டு வீட்டுக்கும் இடையே பேச்சு முறுக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக் கூடத்தில் எதிரெதிராக உட்கார்ந்தால் வார்த்தை தடித்துவிடும், கடற்கரைச் சாலையில் மூன்று நாள் ஒன்றாகச் சுற்றினால் எங்காவது பேச்சு தானாக வரும் என்று என் சம்பந்தி சொன்னார். அவர் பேக்கரி வைத்திருப்பவர். எனக்கும் அது சரியென்று பட்டது. ஒரே வேனில் இரண்டு வீட்டாரும் கிளம்பினோம். முதல் நாள் முழுக்க யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அலையைப் பற்றியும் அவர் கடை ரஸ்க்கைப் பற்றியும் பேசினோம்.

வேனில் ஆள் எண்ணும் வேலை என் மைத்துனருடையது. எங்கே போனாலும் தலையை எண்ணாமல் வண்டியை எடுக்க விடமாட்டார் என்பதால் வீட்டில் அவருக்குக் 'கண்டக்டர்' என்றே பெயர். நேற்று மதியம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பெட்ரோல் பங்க் ஓரமாக வேனை நிறுத்தினோம். மாப்பிள்ளையின் தம்பிக்கு விடுப்பு நீட்டித்துக் கிடைக்காததால் அவர் அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டார். அப்போது கண்டக்டர் கழிப்பறை வரிசையில் நின்றிருந்தார், அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு எல்லோரும் வேனில் ஏறினோம். கண்டக்டர் பின் இருக்கையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்து, "சரியா இருக்கு, எடுங்க" என்றார். "லிஃப்ட்ல ஒரு ஆள் கூடினா மணி அடிக்கும்ல சார், வேன்ல அடிக்கலையா?" என்று ஆய்வாளர் கேட்டார். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறியிருந்ததால் எண்ணிக்கை கூடவில்லை என்பதே என் பதில்.

வேன் சாலைக்கு வந்த பிறகுதான், இரண்டாம் வரிசை ஜன்னலோரம் நீல ஸ்வெட்டர் போட்ட அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. காலில் செருப்பு இல்லை, பாதத்தில் ஈர மணல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அது அவங்க வீட்டு அத்தை யாராவதா?"

"இருக்கும். கல்யாணத்துல பார்த்த மாதிரிதான் இருக்கு."

"நடுவுல வந்து ஏறியிருக்காங்களே."

"இங்க பக்கத்துல வீடா இருக்கும். கேட்டுப் பாரேன்."

"நான் கேக்க மாட்டேங்க. நம்ம கண்டக்டர் மண்டபத்துல அவங்க பெரியம்மாவைச் சமையல் ஆளுன்னு நினைச்சு, இன்னொரு டீ கொண்டாங்கன்னாரே. அந்தச் சூடே இன்னும் ஆறலை. இப்ப போய் நீங்க யாருன்னு நின்னா அவ்வளவுதான்."

அந்த டீ விஷயத்துக்குப் பிறகு, பையன் வீட்டுப் பெரியவர்களை யாரென்று கேட்பதில்லை, எழுந்து இடம் கொடுத்துவிடுவது என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அதன்படி என் மனைவி பையிலிருந்து தன் இன்னொரு ஜோடிச் செருப்பை எடுத்து அந்த அம்மாளின் காலடியில் வைத்தாள். இதைப் பார்த்த சம்பந்தி அம்மா, இவர் பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டு, கழுத்துக்கு வைத்திருந்த தன் சின்னத் தலையணையை அவருக்குக் கொடுத்தார். சம்பந்தி அம்மா தலையணை கொடுத்ததைப் பார்த்து, அவர் பையன் வீட்டுப் பெரியவர்தான் என்று நாங்கள் உறுதி செய்துகொண்டோம். அவர்கள் பக்கம் என்ன நினைத்தார்கள் என்பதை இன்று காலை சம்பந்தி சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அந்த அம்மாள் வழியில் அழுதாரா, இறக்கிவிடச் சொன்னாரா என்று ஆய்வாளர் கேட்டார். இரண்டும் இல்லை. துணிப்பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து உரித்து, முன்னும் பின்னும் சுளை கொடுத்தார். கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் மறுபடி எண்ணியபோது, "எண்ணிட்டியா ராஜா? உன்னையும் சேத்துதானே எண்ணினே?" என்று கேட்டார். வேனே சிரித்தது. எல்லோரையும் ராஜா, கண்ணு என்றுதான் கூப்பிட்டார். ஒருவரையும் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடவில்லை என்பது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. ஒரே ஒரு முறை ஓட்டுநரிடம், இந்த ரோடு எங்கே போய் முடியும் என்று கேட்டார். "ரோடு முடியாதும்மா, நம்ம டீசல்தான் முடியும்" என்றார் ஓட்டுநர். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு மாலையில் விடுதியில் இறங்கினோம். மாடித் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கடல் பார்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தோம். அப்போது மகளின் கைபேசிக்கு அந்த வேலை கொடுத்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, அவள் எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்தோம். அந்த அம்மாள்தான் என்னவென்று கேட்டார். மகள் வேலை விஷயத்தைச் சொன்னாள்.

"வேலை கிடைச்ச புள்ளைய எதுக்கு வாசல்ல நிறுத்தி வச்சிருக்கீங்க? போகட்டும். வாரக் கடைசியில ஒருதரம் இவ வரட்டும், ஒருதரம் அவன் போகட்டும். ரெண்டு பேருக்கும் கால் இருக்குல்ல?"

சம்பந்தி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொன்னா சரிங்க" என்றார். பையன் வீட்டுப் பெரியவரே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். பெண் வீட்டுப் பெரியவர் இவ்வளவு நேராகக் கேட்டபிறகு மறுக்கக் கூடாது என்று அவர் நினைத்தாராம். மகள் உடனே அலுவலகத்தைக் கூப்பிட்டு வருவதாகச் சொன்னாள். அன்று இரவு அந்த அம்மாள் என் மனைவியும் சம்பந்தி அம்மாவும் இருந்த அறையில் தூங்கினார், என் மனைவி அவருக்குப் போர்வை போர்த்திவிட்டாள். அறைக் கதவு வெளியே பூட்டப்படவில்லை. இதை விடுதிக் காவலாளியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்று காலை கடற்கரையில் படம் எடுத்துக் கொடுக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கச் சொன்னோம். அவர், "பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் பக்கம், பையன் வீட்டுக்காரங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். நாங்கள் பிரிந்து நின்றோம். அந்த அம்மாள் நடுவில் நின்றார்.

"அத்தை, உங்க பக்கம் வந்து நில்லுங்க" என்று என் மனைவி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

"இல்லங்க, அவங்க உங்க பக்கம்தானே?" என்றார் சம்பந்தி அம்மா.

"எங்க பக்கமா?"

அந்த அம்மாள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எடுப்பா, வெயில் ஏறுது" என்றார். படம் எடுப்பவர் எடுத்துவிட்டார். அந்தப் படம் ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதில் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாள் மட்டும் கேமராவைப் பார்க்கிறார்.

நானும் சம்பந்தியும் கரையில் கிடந்த ஒரு படகுக்குப் பின்னால் போய், உங்களுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். அதன் பிறகு நான் அந்த அம்மாளிடம் வந்து, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க யாரு?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாமலா நேத்து போர்வை போத்திவிட்டீங்க?" என்றார்.

கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீடு எங்கே என்று கேட்டதற்கு, வந்த வழியைக் காட்டினார். கூட யார் வந்தார்கள் என்று கேட்டதற்கு எங்களைக் காட்டினார். துணிப்பையில் ஆரஞ்சுத் தோலும் ஒரு சீப்பும்தான் இருந்தன. உடனே நிலையத்தில் ஒப்படைப்பது என்று முடிவுசெய்து எல்லோரும் வேனில் ஏறினோம். கண்டக்டர் இந்த முறை எண்ணவில்லை.

வழியில் சோதனைச் சாவடியில் எங்களை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்க் கேமராவில் எங்கள் வேன் எண் கிடைத்துத் தகவல் வந்திருந்தது. நிலையத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். சாவடிக் காவலர் நம்பவில்லை. கதவைத் திறந்தபோது அந்த அம்மாள் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். "காணாமப் போனவங்க மாதிரியா இருக்கு இது?" என்றார் காவலர். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அதன் பிறகு நிலையத்துக்கு அவருடைய மகன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை பேண்ட் நனைந்து, உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கலங்கரை விளக்கத்துப் பாறை ஓரத்தில் அம்மாவின் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, படகுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு விடிய விடியத் தேடியிருக்கிறார். கையில் அந்தச் செருப்பு இருந்தது. என்னைப் பார்த்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அம்மா, கடல்ல தேடினேம்மா" என்றார்.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்து அவர் பேண்ட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். அதன் பிறகு நிமிர்ந்து, "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

மகனைக் காட்டி, இவர் யார் என்று பெண் காவலர் அந்த அம்மாளிடம் கேட்டார். "நல்ல பையனாத்தான் தெரியுது" என்றார். இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டதற்கு, "எங்க அண்ணன்" என்றார். அம்மாவுக்கு ஒரு வருடமாக மறதி இருப்பதாகவும், மருந்து சாப்பிடுவதாகவும் மகன் சொன்னார். அந்த அம்மாள், "எனக்கு ஒண்ணும் மறக்கலை" என்றார். கைபேசியைக் கொடுத்தபோது பையன் வருவான் என்று சொன்னவர், செருப்பை ஏன் பாறையில் விட்டார், எங்கள் வேனில் ஏன் ஏறினார் என்பது எனக்குத் தெரியவில்லை. மறந்து ஏறினாரா, தெரிந்தே ஏறினாரா என்று ஆய்வாளர் கேட்டார். தெரிந்தே ஏறியிருந்தால் அது எதற்காக என்று மகனிடம் கேட்கச் சொன்னேன். பிறகு அந்த மகனின் பேண்ட் நினைவுக்கு வந்து, நான் சொன்னதை எழுத வேண்டாம் என்றேன். சொன்னதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார் ஆய்வாளர்.

இன்னொன்றையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். நிலைய வாசல் பெஞ்சில் என் மகள் தன் மாமனாரிடம், "மாமா, அப்ப அவங்க சொன்னது?" என்று கேட்டாள். "சொன்னது யாரா இருந்தா என்னம்மா, சரின்னு சொன்ன வாய் என்னோடதுதானே" என்றார் அவர். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஆய்வாளர் சொன்னார். அந்த அம்மாள் எங்களோடு இருந்தபோது என்ன செய்தார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. அவர் செய்தது இதுதான்.

இப்போது அந்த அம்மாள் அரசு மருத்துவமனையில் பெண் காவலரின் பொறுப்பில் இருக்கிறார். அவருடைய மகன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். வேன் சாவி நிலையத்தில் உள்ளது, நாங்கள் விடுதியை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லப்பட்டுள்ளது. அவருடைய நினைவு பற்றிய மருத்துவரின் கருத்து நாளை காலை வர வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல ஆய்வாளர் எழுதி, முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதும் இதில் உள்ளதும் ஒன்றே, கூட்டியதும் மறைத்ததும் இல்லை. சொல்லும்போது இரண்டு இடங்களில் வாய் தவறி 'எங்க அத்தை' என்று சொல்லியிருக்கிறேன். ஆய்வாளர் அதை அடித்துவிட்டு 'அந்த அம்மாள்' என்று மேலே எழுதி, அடித்த இடங்களில் என் சுருக்கொப்பம் வாங்கினார். எங்களோடு எப்படி வந்தார், இனி யாரோடு போக வேண்டும் என்பதை நாளை பதினொரு மணிக்கு அந்த அம்மாளே நீதிபதியிடம் சொல்வார். என் மீதான புகார் நிற்குமா என்பது அதன் பிறகு தெரியும்.

(கையொப்பம்)