சைக்கிள் போகும் பாதி

உளுந்தஞ்செடி அடிக்கத் தார்ரோட்டைப் போல ஒரு களம் கிடையாது, ஐயா. மாடு வேண்டாம், கூலியாள் வேண்டாம். செடியைப் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு லோடு ஏற்றிப் போகிற லாரிகள் ஏறி ஏறி நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும்.

அதற்கென்று எங்கள் ஊரில் ஒரு விதி உண்டு. ரோட்டின் வடக்குப் பாதியில்தான் செடி போட வேண்டும். தெற்குப் பாதி சைக்கிளுக்கு. சைக்கிள் செடியில் ஏறினால் வழுக்கும், தண்டு சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். அதனால் நடுவில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைப்போம். லாரி அந்தக் கற்களைத் தாண்டாமல் செடி மேலேயே போகும். சர்க்கார் போட்ட விதி இல்லைதான். ஆனாலும் ஒருவரும் மீறியதில்லை.

லாரிக்கார உதுமானும் மீறவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். இடது பக்கம் வராமல் வலது பக்கம் ஏறி வந்து சைக்கிள்காரரைக் கொன்றுவிட்டான் என்று அந்தப் பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

செத்துப்போன பெத்தணன் என் மாப்பிள்ளை. ஆமத்தூர்க்காரர். குறை சொல்ல முடியாத மனிதர். என் மகள் சண்முகத்தாய் பிரசவத்துக்கு வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலையில் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். பம்பாயில் மில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போகிறேன் என்றார்.

"அம்புட்டுத் தூரம் பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டா?" என்றேன்.

"நீங்களும் கிளம்புங்க அத்தை. இங்கன ஒத்தையில கிடந்து என்ன செய்யப் போறீக?"

"பாசை தெரியாத ஊருல நான் யாருகிட்ட வாயாட, மாப்பிள்ளை?"

"உங்க வாய்க்கு ஆறு மாசத்துல பம்பாயே தமிழ் படிச்சிரும்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் வீட்டுக்காரரையும் ஆண்பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே காலரா கொண்டுபோயிற்று. மிஞ்சியவள் இவள். மாப்பிள்ளை போன பிறகு அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"நீ போகாட்டி என்னடி?"

"நல்லாக் கேட்ட போ. அவுக இருக்கிற இடந்தானே ஆத்தா எனக்கு."

பிள்ளைத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் உதுமானை நிறுத்தி ஒரு செம்பு மோர் கொடுத்தேன்.

"என்ன ஆத்தா, உங்க உளுந்தை உடைச்சுத் தார எனக்கு வடை கிடையாதா?"

"உண்டு தம்பி. எங்க வீட்டுக்கிட்ட இருக்க வளைவுல மட்டும் ஹாரன் அடிக்காதீக. பேரப்பிள்ளை திடுக்குனு முழிச்சு அழுகுது."

"அதுக்கென்ன, பூனை மாதிரிப் போயிர்றேன்."

சொன்னபடியே போனார். நல்ல பிள்ளை.

காலையில் முதல் லோடு அவருடையது. அவரும் மாப்பிள்ளையும் அந்த வளைவில்தான் ஒருவரையொருவர் கடப்பார்கள். இவர் கைகாட்டுவார், அவர் மணி அடிப்பார். வாரா வாரம் பார்த்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது வளைவுக்குக் கிழக்கே செடியை இருந்தபடியே விட்டேன். மேற்கே மட்டும் செடியையும் கற்களையும் தெற்குப் பாதிக்கு மாற்றினேன். மேற்கேயிருந்து வருகிற லாரி செடியைப் பிடித்துத் தெற்கே வரும். கிழக்கே ஆமத்தூரிலிருந்து வருகிற சைக்கிள் எப்போதும்போலத் தெற்குப் பாதியில் வரும். நடுவில் கருவேலமரங்கள் மறைக்கும். நான் செய்தது அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் காலை ஒடித்துப் பயணத்தைத் தள்ளிப்போடத்தான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. லோடு லாரி ஏறினால் உளுந்தே என்ன ஆகிறது என்று பார்க்கிறவள் நான்.

உதுமான் இறங்கித் தலையில் அடித்துக்கொண்டு ஆள் கூப்பிட ஊருக்குள் ஓடினார். அவர் திரும்புவதற்குள் செடியையும் கற்களையும் வடக்கே சேர்த்துவிட்டேன். அப்புறம்தான் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். குடிக்கவில்லை.

"செடி தெற்க கிடந்துச்சு, சார்" என்று அந்தப் பிள்ளை கதறியதை நீங்களும் கேட்டீர்கள். ஒருவரும் நம்பவில்லை.

இனி மகள் என்னோடுதான் இருப்பாள் என்று நினைத்தேன். காரியம் முடிந்ததும் அவள் மாமியார் இருளம்மாள் வந்து கூப்பிட்டாள். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்க போற, தாயி?"

"இந்த ரோட்டைப் பாத்துக்கிட்டு இங்கன இருக்க என்னால ஆகாது ஆத்தா. நான் இனி வர மாட்டேன். என்னைத் தேடியும் வராத."

வீட்டில் தொட்டில் கட்டிய கயிறு மட்டும் தொங்குகிறது. சோறு இறங்கவில்லை. எனக்கு இருக்கிற வருத்தமெல்லாம் உதுமானுக்காகத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிடுங்கள். என்னை அடைத்துவிடுங்கள். ஜெயிலில் கிடக்கிற தாயைப் பார்க்க மகள் வராமலா இருப்பாள்? வந்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் அவளை எம்புட்டு நேரம் நிற்க விடுவார்கள், ஐயா?