பன்னிக்கு ஏத்த விதை

ராகலையில் பஸ் ஏறியதிலிருந்து என் முன் சீட்டில் இரண்டு பேர் தோட்டாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் மரக்கறித் தோட்டம் உண்டு, காட்டுப்பன்றித் தொல்லை உண்டு, லைசென்ஸ் எடுத்த துப்பாக்கியும் உண்டு. தோட்டாவுக்குள் குண்டுகளைத் தானே அடைத்துக்கொள்கிற கம்பளித் தொப்பிக்காரர் சொன்னார்:

"போன மாசம் பன்னிய முள்ளங்கி விதையாலதான் சுட்டேன், மச்சான்."

பக்கத்தில் இருந்த மப்ளர்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "பெரிய குண்டுதான் சரின்னு எத்தன தடவ சொன்னேன். நீ விதைக்கு எறங்கிட்டியா?"

"வேணும்னு போடல. ஈயக் குண்டும் விதையும் ஒரே மாதிரி பால்மா டின்னுல இருந்துச்சு. அவசரத்துல மாறிப்போச்சு."

"கனம் தெரியலியா?"

"பன்னி உருளக்கெழங்குப் பாத்தியில நிக்குது. கனம் பாக்கவா தோணும்?"

"சரி, பன்னி என்னாச்சு?"

"சத்தத்துக்கே ஓடிருச்சு. இன்னும் இந்தப் பக்கம் வரல. வரப்பு முழுக்க முள்ளங்கி மொளச்சிருக்கு. நேத்து எங்க வீட்ல அந்தக் கீரையத்தான் சுண்டுனாங்க."

டிக்கெட் கொடுக்க வந்த கொண்டக்டர் சிரித்த சிரிப்பில் மீதிக் காசைக் கீழே போட்டுவிட்டார்.

நுவரெலியாவில் இறங்கி விதைக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் மப்ளர்காரர் நின்றிருந்தார். கடைக்காரர் கொடுத்த முள்ளங்கி விதையை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இது பத்தாது பாய். இதவிடப் பெருசா போஞ்சி விதை காட்டுங்க. எங்க பக்கத்துப் பன்னி பெருசு."