பெரட்டு மணி அடித்தவர்

ஓடுறோம். அம்மா என் கையைப் பிடிச்சு இழுக்கறாங்க. தலைக்கு மேல ஜப்பான் விமானம். முதல்ல இரைச்சல். அப்புறம் தடதடன்னு சுடுற சத்தம். நாங்க குடியிருந்த லயத்து வீட்டுத் தகரக் கூரை அதிருது. பாலோ ஊர்ப் பக்கம் ரயில் பாலத்துல குண்டு விழுது. ரப்பர் மரத்துக்குள்ள ஓடியிருக்கணும். ஓடல. பெரட்டுக் களத்துக்கு ஓடினோம்.

ஏன்? மணி அடிச்சுச்சு. அதான்.

1942. பொங்கல் முடிஞ்ச சமயம். எனக்கு ஏழு வயசு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதுக்கு முன்னாடியே சிங்கப்பூருக்குக் கார் ஏறிட்டார். மணி அடிக்கிறது எங்க அப்பா வேலை. மணின்னா, தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. தினமும் விடியறதுக்குள்ள அடிப்பார். சனங்க களத்துக்கு வந்து வரிசையா நிப்பாங்க. கங்காணி பேர் கூப்பிடுவார். அதுதான் பெரட்டு. பிந்தி வந்தா அன்னிக்கு வேலை இல்ல.

அன்னிக்கு விமானத்தை முதல்ல பார்த்தது அப்பா. சனங்களை எச்சரிக்க அவர்கிட்ட வேற என்ன இருந்துச்சு? அடிச்சார். சனங்க வந்தாங்க. வந்து, ஐயோ, வரிசையில நின்னாங்க. பழக்கம். மேல விமானம் திரும்புது. கீழ இவங்க கங்காணி எங்கேன்னு பார்க்கறாங்க.

அப்பா சுத்தியலைப் போட்டுட்டுக் களத்துக்குள்ள ஓடி வர்றார்.

"நிக்காதீங்க! மரத்துக்குள்ள ஓடுங்க!"

கையில அகப்பட்டவங்களைப் பிடிச்சுத் தள்றார். என்னையும் தள்ளினார். வாய்க்கால்ல விழுந்தேன். வாய் நிறைய மண். தடதடதட. அப்புறம் சத்தமே இல்ல. தலையைத் தூக்கினேன். அம்மா அசையல. அப்பா அவங்க மேல குப்புறக் கிடந்தார்.

அவர் தள்ளினதால பிழைச்சவங்களே அப்புறம் சொன்னாங்க, அவன்தான் மணி அடிச்சுக் கூட்டினான்னு. ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டினான்னும் ஒரு வாய் சொல்லுச்சு. ஆள் காட்டினவன் பொண்டாட்டியைக் கொண்டுவந்து சாகக் குடுப்பானா? நரம்பில்லாத நாக்கு.

சித்தப்பா என்னை வளர்த்தார். படிச்சேன். பக்கத்து டவுன் குளுவாங்ல வக்கீலானேன். ரெண்டு தவணை மாநிலச் சட்டமன்றத்துலயும் உட்கார்ந்தேன். தூக்குக் கயிறு வரைக்கும் போனவனை வெளியே கொண்டுவந்திருக்கேன். அப்பா கேஸை எந்தக் கோர்ட்ல போடுறது? சட்டமன்றத்துல எழுந்து, களத்துல ஒரு நினைவுக்கல் வேணும்னு கேட்டேன். தனியார் நிலம்னாங்க. உட்காரச் சொன்னாங்க. உட்கார்ந்தேன். இப்ப நினைச்சாலும் எரியுது.

களம் இன்னிக்கு எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. போன மாசம் ஒருவழியா தோட்டத்துக் கோயில்ல கல் வெச்சாங்க. அதுக்கு முன்னாடியே கோயில் தலைவர் எனக்குப் போன் பண்ணார். அன்னிக்குச் செத்த ஒருத்தரோட பேரன் அவர்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பா பேரைப் போட்டா பாதி சனம் விழாவுக்கு வர மாட்டாங்க லா."

வாதாடினேன். மணி அடிச்சதைச் சொன்னேன், தள்ளினதைச் சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன். சாட்சி யாருன்னு கேட்டார். நான்தான்னேன். நீங்க மகனாச்சேன்னார். கோர்ட்ல நானே எத்தனை பேர்கிட்ட அதைச் சொல்லியிருக்கேன்! தொண்ணூறு வயசு. இன்னும் எத்தனை தடவை எழுந்து நிக்கறது?

போனதைச் சொல்றேன், கேட்டுக்கங்க. எங்க லயம் எரிஞ்சுது. எங்க மாடு செத்துது. கல்லுல பதினொரு பேர். எங்க அம்மா பேர் மூணாவது. களத்துல செத்தது பன்னிரண்டு.

விட்டுப்போன பேர் முனியாண்டி.